ஆலைக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தொழில் மண்டலமும் குடியிருப்பு மண்டலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். கோட்டுக்கு அகலம் கிடையாது. அது சாலை மீதோ வாய்க்கால் மீதோ போனால் இரு தரப்புக்கும் அதிர்ஷ்டம், இருபது முப்பது அடி இடைவெளி சும்மாவே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது சர்வே எண்ணின் எல்லையை ஒட்டியே போகிறது. அப்போது சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர், அந்தப் பக்கம் அடுப்படி ஜன்னல். அந்த இடத்தில் உருப்படியான ஒரு பசுமைத் தடுப்பை எப்படி அமைப்பது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். இது முதன்மையாக ஆலை, குடோன், பட்டறை நடத்துபவர்களுக்கு. மனை வாங்குபவர்களுக்கும் லேஅவுட் போடுபவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் மனையை மட்டும் பார்க்காதீர்கள்

எந்த நிலம் எந்த மண்டலம் என்று சொல்வது, சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் 2008-இல் நடைமுறைக்கு வந்த, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாம் முழுமைத் திட்டம், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் திட்டங்கள். ஊர் பெயரும் சர்வே எண்ணும் இருந்தால் எந்த மண்டலம் என்று தெரிந்துகொள்ளலாம். எல்லோரும் தங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பக்கத்து நிலம் வரைபடத்தில் குடியிருப்பு என்று இருந்தால் என்றைக்காவது அங்கே மாடிவீடு வரும். தடுப்பு தேவைப்படப்போவது அந்தப் பக்கம்தான். மரம் வளர ஐந்தாறு வருடம் ஆகும் என்பதால், புகார் வரும்வரை காத்திருந்து நடுவது வீண்.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடத்தைச் சுற்றிச் செட்பேக் என்ற காலி இடத்தை விடச் சொல்கின்றன. இதையே பசுமைத் தடுப்பாகவும் காட்டிவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். செட்பேக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கும் உரியது. அதில் மரம் நட்டால், தீயணைப்புத் துறையின் ஆய்வின்போது பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கச் சொல்லாவிட்டாலும் லாரி திரும்பும்போது ஒவ்வொன்றாகப் போய்விடும். ஆகவே தடுப்புக்கான நிலத்தைச் செட்பேக்குக்கு வெளியே தனியாக ஒதுக்குங்கள். கட்டட வரைபடம் போடும் நாளிலேயே பொறியாளரிடம் சொல்லி, "பசுமைப் பட்டை, இத்தனை அடி" என்று எழுத வையுங்கள். எழுதாத இடத்தில் பிற்பாடு கழிப்பறையோ ஸ்கிராப் குவியலோ வந்துவிடும்.

அடுத்தது, பேர்பெற்ற 33 சதவீதம். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அனுமதி பெறும் தொழில்களுக்கு, மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பரப்பு, அதில் சுற்றெல்லையில் 5 முதல் 10 மீட்டர் பட்டை என்பது வழக்கமாக விதிக்கப்பட்டு வந்த நிபந்தனை. சிறிய ஆலைகளுக்கு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையிலேயே இதுபோன்ற நிபந்தனை இருக்கும். விகிதம் தொழிலுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது, உங்கள் ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு. என் ஆட்சேபம் விகிதத்தின் மீதல்ல. முன்வாசலில் கொரியன் புல்லும் கொடிமேடையும், அலுவலகத்தைச் சுற்றி பனைவகைச் செடிகளும் வைத்தே சதவீதத்தை நிரப்பிவிடுகிறார்கள். பின்பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு இலைகூட மிஞ்சுவதில்லை. சதவீதம் எவ்வளவு என்பதைவிட அது எந்த எல்லையில் விழுகிறது என்பதுதான் முக்கியம்.

எதைத் தடுக்கப் போகிறீர்கள்?

செடி வாங்க நர்சரிக்குப் போகும் முன், பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய் நில்லுங்கள். அனுமதி கேட்டுத்தான். காபி கொடுப்பார்கள், கூடவே குறையும் சொல்வார்கள். பகலில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறை. அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவது என்ன, காதில் விழுவது என்ன, துணிக்கொடியில் படிவது என்ன என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

செங்குன்றம், ஆரணி, காங்கேயம் போன்ற அரிசி ஆலை ஊர்களை எடுத்துக்கொள்வோம். உமி எரியும் பாய்லரிலிருந்து கிளம்பும் கரித்தூள் எடை குறைந்தது, தூரம் போகும். வெயிலில் காய்கிற வெள்ளை வேட்டியில் மிளகுப்பொடி தூவினதுபோல் விழும். தட்டினால் உதிராது, தேய்த்தால் கறுப்புக் கோடாக இழுத்துக்கொள்ளும். மாடியில் வடாம் காயவைத்தவர் பாடு இன்னும் மோசம். இதை மரத்தால் மட்டும் நிறுத்த முடியாது. முதலில் புகைபோக்கிக்கு முன்னால் தூசி பிரிக்கும் சைக்ளோனோ பேக் ஃபில்டரோ ஒழுங்காக ஓட வேண்டும். உமி கொட்டும் இடத்துக்கு மூன்று பக்கமும் மறைப்பும் மேலே கூரையும் வேண்டும். சாம்பலை நனைத்து அள்ள வேண்டும், லாரிக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு தரையோடு கிளம்பும் மிச்சத் தூசியைத்தான் மரப்பட்டை பிடிக்கும். அதை நன்றாகவே பிடிக்கும்.

உயரமான சுவர் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். சுவர் காற்றை நிறுத்துவதில்லை. காற்று மேலே ஏறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று இறங்கும், தூசியையும் அங்கேயே போடும். பாதி காற்றை உள்ளே விடுகிற, அதாவது 40 முதல் 60 சதவீதம் வரை அடர்ந்த இலைத்தடுப்பு அப்படிச் சுழல விடாமல் வேகத்தைக் குறைக்கும். அதன் பலன் மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை தெரியும். இருபது அடி மரம் என்றால் இருநூறு அடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உள்ள ஊர்களில் அதன் வேகம் தெரிந்ததே. அந்த மாதங்களில் ஆலைக்குக் கிழக்கே உள்ள வீடுகள்தான் தூசி வாங்கும். ஐப்பசி முதல் தைவரை வடகிழக்குக் காற்றில் தென்மேற்கு வீடுகள். நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் நட இடமில்லை என்றால், கிழக்கு எல்லையை முதலில் கவனியுங்கள். ஏனென்றால் மேல்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மழை குறைவு, படிந்த தூசியைக் கழுவ எதுவும் வராது.

சத்தத்தைப் பற்றி நர்சரிக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி தொழில் பகுதிக்குப் பகலில் 75 டெசிபெல், இரவில் 70. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ஆக, உங்கள் பக்கம் இரவில் வரம்புக்குள்ளேயே ஓடினாலும், சுவரைத் தாண்டும்போது 25 டெசிபெல் குறைந்தாக வேண்டும். செடி இதில் எவ்வளவு குறைக்கும்? அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்லும் கணக்கு, ஊடே பார்க்க முடியாத அளவுக்கு அடர்ந்த 200 அடி அகல மரக்கூட்டம் 10 டெசிபெல் குறைக்கும் என்பது. நம் ஊரில் 200 அடி இருந்தால் அங்கே இன்னொரு ஆலை கட்டிவிடுவோம். அதே சமயம், சத்தம் எழும் இடத்தைப் பார்வையிலிருந்து மறைக்கும் ஒரு கெட்டியான சுவர் ஏறத்தாழ 5 டெசிபெல் குறைக்கும். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒற்றை எந்திரமாக இருந்தால், 6 டெசிபெல் குறையும். எல்லையிலிருந்து 10 மீட்டரில் இருக்கும் கம்ப்ரஸரை 40 மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபெல் போயிற்று, ஒரு செடிகூட நடாமல். சுவரின் பலன் மாடியில் நிற்பவருக்கு எட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் சுவருக்கு மேலே எந்திரத்தைப் பார்க்கிறார், ஆகவே கேட்கவும் செய்கிறார். சத்தத்துக்கு முதலில் எந்திரத்தை நகர்த்துங்கள், பிறகு கூண்டு போடுங்கள், பிறகு சுவர். செடி அதற்கப்புறம்.

வெளிச்சத்துக்கும் அப்படியே. ஃப்ளட்லைட்டைத் தரை நோக்கித் திருப்பி மேலே ஒரு மறைப்புத் தகடு வைத்தால் ஒரு மணி நேர வேலை. நாற்றத்துக்கு மரம் மருந்தல்ல. நெல் ஊறவைத்த தண்ணீர் தேங்கி நாறினால் அதைச் சுத்திகரிக்கத்தான் வேண்டும். பார்வையை மறைப்பதில்தான் செடிக்கு நிகரில்லை. துருப்பிடித்த தகரக் கொட்டகைக்குப் பதிலாகப் பச்சை தெரிந்தால் அக்கம்பக்கத்தின் கோபம் பாதி இறங்கிவிடும்.

எத்தனை அடி?

அமெரிக்க நகர விதிகளில் இதற்கென்றே பஃபர்யார்டு என்று தனி ஏற்பாடு உண்டு. பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் 1973-இல் உருவான திட்டமிடல் முறையிலிருந்து பிறந்து, அங்கே பணியாற்றிய லேன் கென்டிக் 1980-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. அருகருகே உள்ள இரு பயன்பாடுகள் எவ்வளவு ஒவ்வாதவையோ அவ்வளவு கனமான தடுப்பு. நூறு அடி எல்லைக்கு இத்தனை பெரிய மரம், இத்தனை சிறுமரம், இத்தனை புதர் என்று அட்டவணை. அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் செடிகளைக் கூட்ட வேண்டும். இன்னும் குறைத்தால் சுவரோ மண்கரையோ சேர்க்க வேண்டும். நம் விதிகளில் இப்படி ஒரு அட்டவணை இல்லை. ஆனால் அந்தப் பேரம் நமக்கும் பொருந்தும். நிலத்தின் விலை கூடக்கூட, அகலத்துக்குப் பதில் அடர்த்தியும் சுவரும்.

பத்து அடிதான் இருக்கிறது என்றால் சுவரும், ஒரு வரிசைச் சிறுமரமும், அதன் அடியில் ஒரு வரிசைப் புதரும். பார்வை மறையும், தூசி கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். இருபது அடி இருந்தால் இரண்டு வரிசை மரத்தை முக்கோணமாக, முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசை மரம் வரும்படி நடலாம். மரத்துக்கு மரம் பத்துப் பன்னிரண்டு அடி, புதருக்குப் புதர் மூன்று நான்கு அடி. ஆலைப் பக்கம் புதர், நடுவில் சிறுமரம், அதற்கப்பால் உயர்ந்த மரம் என்று படியேறும்படி வைத்தால் காற்று முட்டாமல் ஏறிப் போகும். எதுவானாலும் முதல் மர வரிசை சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரை ஒட்டி ஒருவர் நடக்கும் அளவுக்குப் பாதை விடுங்கள். பக்கத்து வீட்டார் "பாம்பு வரும்" என்று சொல்வது வெறும் சாக்கல்ல. அந்தப் பாதை சுத்தமாக இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி, சருகு தீப்பிடித்தால் உங்களுக்கும் வழி.

எல்லைக்கல் எங்கே என்று குழி தோண்டும் முன் சர்வேயரை அழைத்துப் புலப்படத்தோடு சரிபார்த்துவிடுங்கள். மின்கம்பி போகும் இடத்தின் கீழே புதர் மட்டும்.

என்ன நடுவது

ஆலை எல்லையில் நெட்டிலிங்கம் வரிசையாக நிற்பதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். ஒல்லியாக வளரும், இடம் கேட்காது, போட்டோவில் அழகாக இருக்கும். இடையிடையே அடி அகலத்துக்கு வெளிச்சம் தெரியும், அந்தச் சந்து வழியாகத் தூசி போகும். தனியாக அதை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. பின்வரிசையில் வைத்து முன்னால் புதர் போட்டால் சரி.

புங்கனும் வேம்பும் எந்த மண்ணிலும் வரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், நிழல் கனம். ஆனால் இரண்டுமே மாசி, பங்குனியை ஒட்டி இலை உதிர்ப்பவை. சில வாரம்தான். அந்தச் சில வாரமும் தூசி அதிகமான நேரம். எல்லாம் புங்கனாகவே நட்டிருந்தால் அப்போது தடுப்பே இருக்காது. அதனால் வருடம் முழுக்க இலை தாங்கும் மகிழம், நாவல், கடலோரமானால் புன்னை ஆகியவற்றைப் பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள். ஒரே இனமாக நட்டால் ஒரு பூச்சியோ நோயோ வந்தாலும் மொத்த வரிசையும் போகும்.

பூவரசு போத்து வெட்டி நட்டாலே பிடிக்கும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். கம்பளிப்பூச்சி வரும் என்பதால் வீட்டு ஜன்னலோரம் வேண்டாம். முருங்கைக்கும் அதே குற்றம், கூடவே காற்றில் முறியும் குணம். புதருக்கு நொச்சி, ஆடாதொடை இரண்டையும் மிஞ்ச ஏதுமில்லை. ஆடு கடிக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும். நொச்சி இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் மெல்லிய மயிர்ச் சொரசொரப்பு தெரியும். தூசியைப் பிடிப்பது அந்த மயிர்தான். அரளியும் தூசி தாங்கும், நெடுஞ்சாலை நடுவில் அதனால்தான் நிற்கிறது. ஆனால் முழுச் செடியும் விஷம். பக்கத்தில் மாடு மேயும் இடமோ பள்ளியோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கொடுக்காப்புளியை நெருக்கி நட்டு வெட்டிவிட்டால் முள்வேலியே தேவையில்லை. பழக்காலத்தில் தெருப்பிள்ளைகள் சுவர் ஏறுவார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

குறுகிய இடத்தில் சீக்கிரம் மறைப்பு வேண்டுமென்று நர்சரியில் கோனோகார்பஸைக் காட்டுவார்கள். வேண்டாம். குஜராத் அரசு 2023-இலேயே அதை நடுவதற்குத் தடை போட்டது. மகரந்தத்தால் சுவாசத் தொல்லை வருவதும், வேர் குழாய்க்குள் புகுவதும் காரணமாகச் சொல்லப்பட்டவை. குல்மோகர், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை போன்ற பரந்து விரியும் மரங்களையும் கொட்டகை ஓரத்தில் வைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குச் சென்னையில் எவை சாய்ந்தன என்பது பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது.

குழியும் தண்ணீரும்

கட்டட வேலை முடிந்ததும் மிஞ்சிய செங்கல் துண்டு, காய்ந்த கலவை, டைல்ஸ் சில்லு எல்லாவற்றையும் மேஸ்திரி எங்கே தள்ளி மண் போட்டு மூடுவார்? இதே எல்லைப் பட்டையில்தான். இரண்டடி தோண்டினால் சிமென்ட் வாசனை வரும். அந்த மண்ணில் நட்ட கன்று வெளிறிப்போய் அப்படியே நிற்கும், சாகவும் சாகாது. குழி எடுக்கும்போது உடன் நின்று, இடிபாடு வந்தால் அள்ளி வெளியேற்றுங்கள். இரண்டரை அடி நீள, அகல, ஆழம். நல்ல மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பலாம். பன்னிரண்டு அடி உயரக் கன்று ஒன்றுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஐந்தடிக் கன்றுகள் பல வாங்கலாம். பைக்குள் வெகுநாள் இருந்த பெரிய கன்றின் வேர் சுருண்டு கயிறாகிவிட்டிருக்கும், புயலில் முதலில் சாய்வது அதுதான். நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி உகந்தது. வடகிழக்குப் பருவமழை முழுக்க வேர் பிடிக்கக் கிடைக்கும். களிமண்ணில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் மேடு கட்டி நடுங்கள்.

கழிவறை, கேன்டீன் கழிவுநீரைச் சுத்திகரித்துச் சொட்டுநீராக விடுவது நல்ல ஏற்பாடு, இசைவாணைகளும் அதையே எதிர்பார்க்கின்றன. ஆர்ஓ எந்திரத்தின் கழிவுநீரை அதே குழாயில் கலந்துவிடுவதுதான் ஆபத்து. முதலில் இலை ஓரம் தீய்ந்ததுபோல் பழுக்கும், பிறகு குழியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூக்கும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

நட்ட இரண்டு கோடையைத் தாண்டினால் மரம் தானே பார்த்துக்கொள்ளும். அதன்பின் அதற்கு எதிரி தோட்டக்காரரின் அரிவாள்தான். அதிகாரி வருகிறார் என்றால் அடிக்கிளைகளையெல்லாம் கழித்து, தண்டுக்குக் காவியும் வெள்ளையும் அடித்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தூசியும் பார்வையும் கடப்பது தரையிலிருந்து ஏழெட்டு அடிக்குள்தான், அந்த உயரத்தில் இலையே இல்லாமல் ஆகிவிடும். அடிக்கிளையைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். மாசி முதல் வைகாசிவரை வாரம் ஒருமுறை இலைகள்மீது தண்ணீர் பீய்ச்சுங்கள். தூசி நிறைந்த இலை மேற்கொண்டு எதையும் பிடிக்காது. செத்த கன்றுக்கு அந்த வருடமே மாற்றுக் கன்று வைத்துவிடுங்கள். வேலியில் விழுந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் காற்று வேகமெடுத்துப் பாயும். சுவர் தாண்டும் கிளைகளை வருடத்துக்கு ஒருமுறை நீங்களே ஆளனுப்பி வெட்டிக் கொடுப்பதாகப் பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

மறுபக்கத்தில் இருப்பவருக்கு

பல ஊர்களில் வயலுக்கு நடுவே ஆலைதான் முதலில் வந்தது, மனை பிரித்தவர் பிறகு வந்தார். அப்படி லேஅவுட் போடுபவருக்குக் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையென்றால் நிலத்துக்குப் பதில் பணமும் கட்டலாம். வழக்கமாக விற்காத கோணல் மூலையைத்தான் அதற்குத் தள்ளுவார்கள். ஆலை எல்லையை ஒட்டி ஒரு சாலையையும் அதன் ஓரமாக இந்தப் பூங்காவையும் வைத்தால், முதல் வீட்டுக்கும் ஆலைச் சுவருக்கும் நடுவே ஐம்பது அறுபது அடி கிடைத்துவிடும். ஊஞ்சலும் சறுக்கும் ஆலைப் பக்கம் வேண்டாம், அங்கே மரங்கள் மட்டும்.

மனை வாங்குபவர் முன்பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்துச் சர்வே எண் எந்த மண்டலம் என்று பார்த்துவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஆலை, தொழில் மண்டலத்தில் இருந்தால் மறுபடியும் திறக்கலாம். முடிந்தால் ஆடி மாத மத்தியானத்தில் மனையில் ஒருமணி நேரம் நில்லுங்கள். பூங்கா எந்தப் பக்கம் என்று கேளுங்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் வந்து தானப் பத்திரமும் பதிவாகிவிட்டால் பூங்காவை இடம் மாற்றுவது அநேகமாக நடக்காது, மனு கொடுப்பதானால் அதற்கு முன்பே கொடுங்கள்.